ஓடாத மாப்பிள்ளையும் ஓடுற வண்டியும்

ஏனுங் மாப்பிள்ளை, வாட்ஸப்புல நீங்க அனுப்புன பதினாலு போட்டோவும் வந்து சேந்துதுங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணாப் பாத்தேன். உங்க அத்தையும் பாத்தா. பதினாலும் மூணு சக்கரத் தள்ளுவண்டி. பதினாலும் கறுப்பு. பதினஞ்சாவதா ஒண்ணு வந்துது. அது நீங்க ஆபீசுல கேக்கு வெட்டற படம். கை தவறி அனுப்பிட்டீங்க போல. அதுல உங்க சட்டைப் பொத்தான் படற பாட்டைப் பாத்தப்பறம் மறுபடி முதல் படத்துக்குப் போனேன். இந்த வண்டிகள்ல பாதி, ஓடறவனுக்குன்னே செஞ்சதுங்க.

"மாமா, நீங்க வண்டி மாடெல்லாம் வாங்கிப் பழகுனவரு, பாப்பாவுக்கு எதை வாங்கலாம்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கறீங்க. மரியாதைக்குக் கேட்டதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுப்போட்டீங்க. இனி நான் சொல்லி முடிக்கற வரைக்கும் போனை வெக்கப்படாது.

கண்ணபுரம் சந்தைக்கு எங்கப்பன்கூட எட்டு வயசுல இருந்து போயிருக்கறேன். சித்திரை வெயில்ல காங்கயம் காளைகளாக் கட்டிக் கெடக்கும். துண்டுக்கு அடியில கையை உட்டு விரலைப் புடிச்சு வெலை பேசுவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட ரேட்டு தெரியாது. எங்கப்பன் அந்தத் துண்டுக்குள்ள கையை உடறதுக்கு முன்னால, சுழி பாக்கறது, பல்லுப் பாக்கறது, நடக்க உட்டுப் பாக்கறது அத்தனைக்கும் முன்னால, தனக்குத்தானே ஒண்ணு கேட்டுக்குவாரு. ஏருக்கா, வண்டிக்கா, கெணத்துல கவலை இறைக்கறதுக்கா? அதைக் கேட்டுக்காமச் சந்தைக்குள்ள போனவனும் நல்ல மாடாத்தான் ஓட்டிட்டு வருவான். வந்தப்பறம் அந்த மாட்டுக்கு ஏத்த வேலையத் தேடிக்கிட்டு அலைவான்.

நீங்களும் பதினாலு நல்ல மாட்டை அனுப்பியிருக்கறீங்க. போற தடம் எது, தள்றது யாரு, அதைப் பத்தி ஒரு வரி இல்லை.

பக்கத்து ஊட்டுப் பையன் ஒருத்தன் இதையெல்லாம் தேடிப் படிச்சுச் சொன்னானுங்க. 1984-ல அமெரிக்காவுல யாக்கிமாங்கற ஊருல ஃபில் பேக்லர்னு ஒரு பத்திரிகைக்காரரு. ஓடற பழக்கமுள்ள மனுசன். பையன் பொறந்தான். புள்ளையவும் உட முடியலை, ஓட்டத்தையும் உட முடியலை. தள்ளுவண்டிக்கு சைக்கிள் சக்கரத்தை மாட்டித் தள்ளிக்கிட்டே ஓடுனாரு. இன்னைக்கு நீங்க பாக்கற ஓட்ட வண்டி அத்தனைக்கும் அதுதான் மூத்த வண்டி. பாருங்க, அவரு மொதல்ல ஓடுனாரு, அப்பறம் வண்டி வந்துது. நீங்க வண்டியை வாங்கிட்டா ஓட்டம் தானா வரும்னு நெனைக்கறீங்க. உங்க மெல்போர்ன்ல நாங்க இருந்த மூணு மாசத்துல நீங்க ஓடிப் பாத்தது ஒருக்காத்தானுங்க. குப்பை லாரி வந்திருச்சு, தொட்டியை வெளிய வெக்க மறந்துட்டீங்க. வாசப்படியில இருந்து ரோடு வரைக்கும் நல்லாத்தான் ஓடுனீங்க.

கோவிச்சுக்காதீங்க. மூணு சக்கரத்தை நான் மட்டம்னு சொல்லலை. அடுப்புக்கு மூணு கல்லுதானுங்க. நாலாவது கல்லை வெச்சுப் பாருங்க, எந்தத் தரையிலயும் ஒண்ணு ஏமாத்தும். முக்காலி எங்க போட்டாலும் ஆடாது. நாற்காலிக்கு அடியிலதான் காகிதத்தை மடிச்சு வெக்கோணும். மேடு பள்ளமான தடத்துல மூணு சக்கரமும் மண்ணை உடாது. நடைபாதை மேல ஏத்தறதுக்கும் லேசு. கைப்பிடியைச் சித்த அமுத்துனாப் போதும், முன்னால இருக்கற ஒத்தைச் சக்கரம் படி மேல ஏறிக்கும். என்ற மகளுக்கே நடக்கப் பழக்குனது மூணு சக்கர நடைவண்டிதான். மாரியம்மன் நோம்பிக் கடையில வாங்குனது. அட்டாரியில இன்னும் கெடக்குது, ஒரு சக்கரம் மட்டும் எலி தின்னுபோச்சு.

எங்க மச்சான், தமிழ் வாத்தியாரு, அவரு சொல்லுவாரு. பட்டினப்பாலையிலயே முக்காற் சிறுதேர் வருதாம். காவிரிப்பூம்பட்டினத்துல சின்னப் பசங்க குதிரை இல்லாத மூணு சக்கரத் தேரை உருட்டிட்டு வருவாங்களாம். முத்தத்துல காயப்போட்ட தவசத்தைத் தின்ன வந்த கோழி மேல அந்த ஊட்டுப் பொம்பளை காதுல இருந்த நகையக் கழட்டி வீசுவாளாம். அந்த நகை கெடந்து தேரு போற வழிய மறைக்குமாம். அந்தூரு செல்வம் அப்பிடி. அப்ப புள்ளை தேரைத் தள்ளுச்சு, இப்ப தேருல புள்ளைய வெச்சு நாம தள்றோம். நகை எறியறதுக்குப் பதிலா கிரெடிட் கார்டு.

ஆனா நிக்கறது வேற, திரும்பறது வேறங்க. பஸ் ஸ்டாண்டு முக்குல ஆட்டோ வேகமாத் திரும்பறப்போ உள்ள உக்காந்திருக்கறவங்க எதுக்குக் கம்பியப் புடிக்கறாங்க? முன்னால ஒத்தைக் காலு. முன்மூலை ரெண்டுலயும் தாங்கறதுக்கு ஆள் இல்லை. பாப்பா வளந்து, நாயைப் பாக்கறதுக்கு ஒருச்சாய்ச்சு முன்னால எட்டற வயசுல அந்தக் கொறை தெரியும். அதனால கடையில வண்டிய நிறுத்தி வெச்சு, பாப்பா காலு வெக்கற பலகையோட ஒரு மூலையக் கையால அமுத்திப் பாருங்க. எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரம் லேசாக் கெளம்புச்சுன்னா அந்த வண்டிக்குக் கும்புடு போட்டுட்டு அக்கட்டால நகந்துருங்க. பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல அகலம் எச்சா இருந்தா நல்லது. ஆனா உங்க ஊட்டு நடையில துணிக் கூடையோட நானே ஒருச்சாய்ச்சுத்தான் போனேன். வாசக்காலை இஞ்சு டேப்பு வெச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

இப்ப முன்சக்கரம். வெசயமே இதுலதான் இருக்குது. ஓட்ட வண்டியில முன்சக்கரம் நேரா இறுகி நிக்கும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாது. ஓடறப்போ அது வேணும். இல்லீன்னா ஒரு கல்லுத் தட்டுனாலும் படக்குனு குறுக்க மடங்கி வண்டி குப்புறப் போயிரும். வேகம் எடுத்தா சக்கரம் தலைய ஆட்டவும் ஆரம்பிச்சிரும், சூப்பர் மார்க்கெட்டுத் தள்ளுவண்டியில ஒரு சக்கரம் மட்டும் பேய் புடிச்சாட்டம் ஆடுமே, அது மாதிரி. ஆனா அதே இறுகுன சக்கரத்தோட கடைக்குள்ள பருப்பு வெச்சிருக்கற சந்துக்குள்ள போய்ப் பாருங்க. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைப்பிடிய அமுத்தி, முன்னங்காலைத் தூக்கி, வண்டியையே நகத்தி வெக்கோணும். முரட்டுக் காளையை வாலப் புடிச்சுத் திருப்பற வேலை. உங்களுக்கு வேண்டியது ரெண்டுங்கெட்டான்தானுங்க: சாதாரணமா முன்சக்கரம் சுத்தோணும், வேணுங்கறப்போ ஒரு ஊசியத் தள்ளுனா பூட்டிக்கோணும். அந்த ஊசியும் குனியாம எட்டற எடத்துல இருந்தா இன்னும் நல்லது. குனியறது உங்களுக்கு எப்பிடின்னு அந்தக் கேக்குப் படத்துலயே பாத்துட்டனே.

அப்பறம் உங்க ஊரு ட்ராம். மெல்போர்ன்ல சுமார் 250 கிலோமீட்டருக்கு ட்ராம் தடம் கெடக்குது, உலகத்துலயே அதுதான் பெருசுன்னு நீங்கதான் பெருமையாச் சொன்னீங்க. அந்தத் தண்டவாளத்துல ஒரு பள்ளம் ஓடுதே, ஞாபகம் இருக்குதா? ரோட்டைத் தாண்டறப்போ நான் குனிஞ்சு அதுல விரலை வெச்சுப் பாத்தேன். ரெண்டு விரலு சுளுவா எறங்குச்சு. நீங்க "மாமா, எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு கத்துனீங்க. பூரா ஊரும் பாத்துது. நான் என்ன வேடிக்கைக்கா பாத்தேன்? நாலு சக்கர வண்டியில ஒரு முன்சக்கரம் பள்ளத்துல மாட்டுனா மத்தது தாங்கும். ஒத்தைச் சக்கரம் உள்ள எறங்குச்சுன்னா வண்டி அங்கயே நின்னுக்கும், நீங்க மட்டும் முன்னால போவீங்க. அதனால சக்கரத்தோட தடிமன் அந்த ரெண்டு விரலை விட எச்சா இருக்கோணும். தாண்டறதும் சாய்வாத் தாண்டப்படாது, நேராக் குறுக்கால தாண்டோணும். கடையில சக்கரத்து மேல விரலை வெச்சு அளந்து பாருங்க. கூச்சப்படாதீங்க, நான் ரோட்டுலயே அளந்தவன்.

சக்கரத்துல காத்தா, நுரையான்னு ஒரு சண்டை இருக்குது. நுரை வெச்ச சக்கரம் பஞ்சராகாது, பராமரிப்பு இல்லை. வழுவழுன்னு சிமெண்டு போட்ட மால்ல தள்ளறதுக்கு அது போதும். ஆனா உங்க தெருவுல மரத்து வேரு நடைபாதையப் பொளந்து தூக்கி வெச்சிருக்குதே, அதுல தடக்கு தடக்குன்னு போறப்போ அதிர்வு பூராவும் பாப்பா கழுத்துக்குப் போகும். காத்தடிச்ச சக்கரம் அதைத் தானே வாங்கிக்கும். நான் காத்துக் கட்சி. இட்டேரியில சைக்கிள் மிதிச்சவன் வேற கட்சிக்குப் போக மாட்டான். முள்ளுக் குத்துமேன்னு பயப்படாதீங்க, சீமைக்கருவேலம் உங்க தெருவுல இல்லை. நெருஞ்சி வந்திருக்குது, ஆனா அது நெம்ப வடக்கதான்னு சொன்னாங்க. பன்னண்டு இஞ்சுச் சக்கரமா இருந்தா டியூப்பு சின்னப் பசங்க சைக்கிள் டியூப்புத்தான். வால்வும் காருக்கு இருக்கறாட்டந்தான், பெட்ரோல் பங்குலயே காத்தடிச்சுக்கலாம். பெருசா இருக்கற அளவுகளும் உண்டு. எந்த அளவுன்னு டயரு பக்கவாட்டுல எழுதியே இருக்கும், படிச்சுப் பாருங்க.

இந்த எடத்துல ஒரு பழைய கணக்குத் தீத்துக்கறேன். நாங்க இருந்தப்போ உங்க தெருவுல பழைய சாமானெல்லாம் ரோட்டோரம் வெச்சிருந்தாங்க, கவுன்சில் லாரி வந்து எடுத்துட்டுப் போகுமுன்னு. அதுல ஒரு மூணு சக்கர வண்டி. காத்தடிச்ச சக்கரம், பூட்டற ஊசி, பெரிய கூடை, எல்லாம் இருந்துது. தள்ளிக்கிட்டு ஊட்டுக்கு வந்தேன். நீங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, "மாமா, இதெல்லாம் எடுக்கப்படாது, யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க"ன்னு மூஞ்சியப் புளியங்காயா வெச்சுக்கிட்டீங்க. இருட்டுன பொறவு கொண்டு போய் வெச்சுட்டு வந்தேன். விடியறதுக்குள்ள வேற யாரோ எடுத்துட்டாங்க. இப்ப நீங்க அனுப்புன ஒம்பதாவது படம் அச்சு அசலா அதே வண்டி. ஒரு உண்மையும் சொல்லிப்போடறேன்: அந்த வண்டியில பிரேக்கு புடிக்கலை, வாரு ஒண்ணு நைஞ்சு இருந்துது. அதை நான் அன்னைக்குச் சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க செயிச்சிருப்பீங்க.

பிரேக்குன்னதும் ஞாபகம் வருது. வண்டியோட பிரேக்கைக் காலாலதான் போடறது. போடறது எல்லாருக்கும் வரும், எடுக்கறதுதான் பாடு. செல வண்டியில விரலை அடியில குடுத்து மேல தூக்கோணும். என்ற மக அம்மிணி எப்பவும் ரப்பர் செருப்புத்தான் போடுவா, நகக்கண்ணு பேந்துபோகும். கடையில செருப்புக் காலோடயே போட்டு எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. கைப்பிடியில ஒரு வாரு தொங்கும், மணிக்கட்டுல மாட்டிக்கறதுக்கு. வண்டியில அது இருக்கோணும்ங்கறது அந்த ஊருல சட்டம். நெறையப் பேரு அதைச் சும்மா தொங்க உட்டுட்டுப் போறாங்க, நான் பாத்தேன். 2009 அக்டோபர்ல உங்க மெல்போர்ன்லயே, ஆஷ்பர்டன் ஸ்டேசன்ல, பிளாட்பாரத்துல நின்ன வண்டி தானா உருண்டு ரயில் வர்ற நேரத்துல தண்டவாளத்துல விழுந்துது. அம்மா எட்டிப் புடிக்கறதுக்குள்ள போயிருச்சு. ரயிலு வண்டியத் தள்ளிக்கிட்டே போய்த்தான் நின்னுது. உள்ள ஆறு மாசக் கொழந்தை. தலையில சின்ன அடியோட பொழைச்சுது, அந்தத் தாயோட புண்ணியம். பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியாம சாஞ்சிருக்கும் மாப்பிள்ளை. தண்ணி ஊத்துனாத்தான் எந்தப் பக்கம்னு தெரியும். இதுல நான் கிண்டல் பண்ணலை. வாரை மாட்டுங்க, பிரேக்கைப் போடுங்க, வண்டிய ரயிலுக்கு நேரா நிறுத்தாதீங்க.

உங்க அத்தை கதைய நீங்க மறந்திருக்க மாட்டீங்க. டாண்டினாங் மார்க்கெட்டு, சனிக்கெழமை, எரவல் வாங்கிட்டு வந்த தள்ளுவண்டி. தக்காளி ரெண்டு கிலோ, வெங்காயம் மூணு கிலோ, கத்திரிக்கா, ஒரு முழுத் தேங்காய், எல்லாத்தையும் பையில போட்டு, கனமா இருக்குதேன்னு கைப்பிடியில மாட்டிட்டா. பாப்பா உள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லை. அழுகுதுன்னு அம்மிணி பாப்பாவத் தூக்குனா பாருங்க, வண்டி முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு மல்லாக்கச் சாஞ்சுது. தக்காளி ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். தேங்காய் உருண்டுட்டே போய் மீன் கடைக்காரன் காலடியில நின்னுது. அவன் எடுத்து ரெண்டு கையாலயும் குடுத்தான், நல்ல மனுசன். இன்னுஞ் சித்த கனம் ஏறியிருந்தா பாப்பா உள்ள இருக்கறப்பவே சாஞ்சிருக்கும். கைப்பிடியில ஒண்ணும் தொங்கப்படாது. சாமான் அடியில இருக்கற கூடையிலதான். அதனால கூடை பெருசா இருக்குதான்னு பாருங்க. மேல சாயற சீட்டை முழுசாச் சாய்ச்சப்பறமும் கூடைக்குள்ள கை போகுதான்னும் பாருங்க.

சாயறதுன்னதும், பாப்பாவுக்கு நாலு மாசந்தான். இன்னும் உக்காரலை. உக்காராத புள்ளையக் குந்த வெச்சுத் தள்ளப்படாது, மல்லாக்கப் படுக்கற மாதிரி சீட்டு தட்டையா எறங்கோணும். செல ஓட்ட வண்டிகள்ல சீட்டு பாதிதான் சாயும், அது ஆறு மாசத்துக்கு மேலத்தான் ஆகும். அந்த வயசுக்கு முன்னால வண்டிய வெச்சுக்கிட்டு ஓடவே கூடாது. அதுக்கு மேலயும் டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான். உங்க விசயத்துல இது அவசரமில்லை. வாரு அஞ்சு முனையில பூட்டறதா இருக்கட்டும்: ரெண்டு தோளு, ரெண்டு இடுப்பு, நடுவுல ஒண்ணு. வெயிலுக்கு வண்டிக் கூரை நீளமா இழுக்க வரோணும். மேல துணியைப் போத்தி மூடப்படாது, உள்ள அடுப்பாட்டம் சூடாயிரும். உங்க அத்தைக்கும் இதைச் சொல்லியிருக்கறேன், கேட்டாளான்னு தெரியலை.

கடைசியா கனம். அம்மிணி ஆப்பரேசன் ஆன ஒடம்பு. ஓட்ட வண்டியில நெறையது பன்னண்டு பதிமூணு கிலோ வரும். கிட்டத்தட்ட ஒரு கொடம் தண்ணி. அதைத் தெனம் மடக்கி, கார் டிக்கியில தூக்கி வெச்சு, எறக்கி, விரிச்சு... நீங்க ஆபீசுல இருப்பீங்க. 1965-ல இங்கிலாந்துல ஓவன் மக்லாரன்னு ஒரு விமான எஞ்சினியரு. ஸ்பிட்பயர் சண்டை விமானத்துக்குச் சக்கரக் கால்ல வேலை செஞ்சவரு. மக பேரக்கொழந்தையோட வந்தா. வண்டி கனமோ கனம். அந்தத் தாத்தன் பாத்தாரு. விமானக் காலு மடங்கறாட்டம், கொடையாட்டம் மடங்கற ஒரு வண்டியச் செஞ்சாரு. மூணு கிலோகூட இல்லை. மக கஷ்டம் அப்பனுக்குத்தான் தெரியும். மருமகன் என்ன பண்ணிட்டிருந்தாருன்னு எங்கயும் எழுதலை. மடக்கறப்போ ஒண்ணு கவனியுங்க, பாப்பா கை கீலுகிட்ட இருக்கப்படாது. 2009-ல அமெரிக்காவுல பத்து லட்சம் வண்டிக்கு எச்சரிக்கை உட்டு, கீலுக்கு மூடி குடுத்தாங்க, மடக்கற கீலுல மாட்டிக் கொழந்தைக விரல்நுனி போயிருந்துது. கீலுக்கு மூடி இருக்குதான்னு விரலை உட்டுப் பாக்காதீங்க, கண்ணால பாருங்க.

ஆகமொத்தம் நீங்க அனுப்புனதுல நாலாவதும் பதினொண்ணாவதும் தேறும். மூணு சக்கரந்தான், ஆனா ஓட்ட வண்டி இல்லை, முன்சக்கரம் சுத்தும், பூட்டும், சீட்டு தட்டையாப் படுக்கும், கனம் பத்துக்குள்ள. வெலையும் மத்ததுல பாதி. ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். அம்மிணியக் கூட்டிட்டுக் கடைக்குப் போங்க. அவ ஒத்தைக் கையால மடக்கோணும், இன்னொரு கையில பாப்பா இருக்கோணும். மடங்கறது எதுவோ அது. கார் டிக்கியையும் அளந்துட்டுப் போங்க. மூணு சக்கரத்துல அந்த முன்சக்கரம் மூக்காட்டம் நீட்டிக்கிட்டு நிக்கும், கழட்ட வரலைன்னா டிக்கி மூடாது. ஓட்டம் ஓடியே தீருவேன்னா, ஒரு மாசம் வெறுங்கையோட ஓடிக் காட்டுங்க. அப்பறம் ஓட்ட வண்டிக்கு நான் பணம் அனுப்பறேன். வெள்ளையடிக்க எடுத்து வெச்ச பணம் இருக்குது, செலவாகாதுன்னு தைரியமாச் சொல்றேன்.

வாங்குன அன்னைக்கு டயரு பக்கவாட்டுல எழுதியிருக்கற அளவப் போட்டோ புடிச்சு அனுப்புங்க. கேக்குப் படம் வேண்டாம். உங்க அத்தை தை மாசம் வர்றா. காங்கயத்துல நம்ம சைக்கிள் கடையில ரெண்டு டியூப்பும் ஒரு கைப்பம்பும் வாங்கி, முறுக்கு டப்பாவுக்கு அடியில வெச்சுக் குடுத்து உடறேன்.